அருவிக்கரையில் ஒரு திருமணம்



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை நாம் நன்கறிந்த கவலைகளையே சுமந்து வருவன. மகன் பூசைக்கு வருவதில்லை. மருமகள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பெண்ணுக்கு வரன் அமையவில்லை. அண்மையில் வந்த ஒரு கடிதம் மட்டும் நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது. எழுதியவர் ஒரு தாயார், கணவரை இழந்தவர். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவருடைய ஒரே மகள் அமெரிக்க நாட்டின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் பணிபுரிகிறாள். உடன் பணிபுரியும் அந்நாட்டு இளைஞர் ஒருவரை மணக்க முடிவு செய்திருக்கிறாள். அவர் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவர். பண்புள்ளவர், குடிப்பழக்கம் இல்லாதவர் என்று தாயாரே மனநிறைவோடு எழுதுகிறார். ஆகவே சிக்கல் மாப்பிள்ளையைப் பற்றியதன்று.

"அம்மா, நாங்கள் கோயிலிலோ மண்டபத்திலோ மணம் செய்துகொள்ளப் போவதில்லை. இங்கே அழகான அருவிகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் அருகே நின்று, நாங்கள் இருவர் மட்டுமாக வாக்குக் கொடுத்துக்கொள்ளப் போகிறோம். நீங்கள் வந்தால் மகிழ்ச்சி. வேறு யாரையும் அழைக்கவில்லை. எந்த அருவி என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று மகள் தொலைபேசியில் கூறினாளாம். அதற்கு அவள் சொன்ன ஆங்கிலப் பெயர் 'எலோப்மென்ட்'. தாயார் வீட்டிலிருந்த பழைய அகராதியைப் புரட்டியிருக்கிறார். 'ஓடிப்போதல்' என்று பொருள் போட்டிருந்தது. அன்றிரவு தாம் கண்ணயரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

"ஊரறிய மூன்று ஓலை வாசித்துக் கட்டிக் கொடுக்க வேண்டிய பெண் ஓடிப்போகிறாள் என்று எங்கள் பங்கில் நான் எப்படிச் சொல்வேன்? இது செல்லுபடியாகும் திருமணந்தானா? நான் போகலாமா, போகக் கூடாதா?" என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இன்னுமொன்று: "அருவிக்குப் பக்கத்தில் நிற்க என் முழங்கால் ஒத்துழைக்குமா என்றும் தெரியவில்லை."

இந்தக் கடைசி வரியைப் படித்தபின் நமக்கு அந்தத் தாயார்மேல் ஒரு தனி மரியாதை உண்டாயிற்று. அவர் உள்ளத்தில் பாதி ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டது.

முதலில் அச்சொல்லைப் பற்றி. ஓடிப்போய் மணம் செய்துகொள்ளும் வழக்கத்துக்கு மேலைநாட்டில் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1753-ஆம் ஆண்டு ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. முறைப்படி ஓலை வாசித்தோ, உரிமம் பெற்றோ, கோயிலில் நடந்தால்தான் மணம் செல்லும் என்றும், இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணம் முடிக்கப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆனால் ஸ்காட்லாந்துக்கு அது பொருந்தவில்லை. அங்கே இரு சாட்சிகள் முன்னிலையில் ஆணும் பெண்ணும் 'நாங்கள் கணவன் மனைவி' என்று அறிவித்தாலே போதும். ஆகவே வீட்டாருக்குத் தெரியாமல் குதிரை வண்டியேறி எல்லையைத் தாண்டினார்கள். எல்லையோரத்தில் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூர். அங்கே கொல்லன் பட்டறை. பட்டடைக்கல்லின் முன்னே மணம். இரும்பை இரும்போடு இணைக்கிறவனே இவர்களையும் இணைத்து வைத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இருவரில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் இருபத்தொரு நாள் தங்கியிருக்க வேண்டும் என்று 1856-இல் ஒரு சட்டம் வந்து அந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தது. பட்டடைக்கல் மணங்களுக்கு 1940-இல் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது.

தாயார் கையிலிருந்த அகராதி அந்தக் குதிரை வண்டிக் காலத்துப் பொருளைத் தருகிறது. இன்றைய அமெரிக்க இளைஞரிடம் அச்சொல் வேறு பொருளில் வழங்குகிறது. ஆடம்பரமின்றி, விருந்தினர் கூட்டமின்றி, தமக்குப் பிடித்த ஓரிடத்தில் மிகச் சிலரோடு செய்துகொள்ளும் மணம் என்பதே அது. யாருக்கும் தெரியாமல் யாரும் ஓடுவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே நாள் குறித்து, அரசாங்க அனுமதி பெற்று, ஒளிப்படக்காரரை அமர்த்திக்கொண்டே செல்கிறார்கள். ஓடிப்போகிறவர்கள் படம் எடுப்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஓடுவது நமக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது, அது கிடக்கட்டும். தாயே, உம் மகள் உம்மிடம் சொல்லிவிட்டாள், அழைக்கவும் செய்திருக்கிறாள். அகராதியை மூடி வைத்துவிடும்.

நம் முன்னோரும் இதை அறியாதவரல்லர். தலைவி தலைவனோடு செல்வதை 'உடன்போக்கு' என்று பெயரிட்டு, அதற்கு அகத்திணையில் இடமும் வகுத்தார்கள். காதலர் கூடுவதற்குரிய குறிஞ்சி நிலத்துக்கு அருவியைக் கொடுத்த அவர்கள், உடன்போக்குக்கு மட்டும் வெயில் காயும் பாலை வழியைக் கொடுத்தார்கள். ஓடிப்போகிறவர்களுக்கு அருவிக்கரை வாய்ப்பது புதுக்காலத்துச் சலுகைதான்!

இனி அருவிகளுக்கு வருவோம். மணமக்களுக்கும் அருவிக்கும் அமெரிக்காவில் உள்ள தொடர்பு நயாகராவில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுமணத் தம்பதிகள் நயாகராவைக் காணச் செல்வது பெரும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பேரருவியைக் குறித்து நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மின்னாற்றலுக்காக அமெரிக்காவும் கனடாவும் ஆற்றுநீரைத் திருப்பிக்கொள்ள 1950-இல் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி, சுற்றுலாக் காலத்தின் பகற்பொழுதில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் நீர் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதியளவு போதும். ஆகவே மணமக்கள் நள்ளிரவில் காணும் நயாகரா பகலில் கண்டதில் பாதியாகவும் இருக்கலாம்.

உம் மகள் இருக்கும் இடமோ அருவிகளுக்குப் பெயர்போனது. கொலம்பியா என்னும் பெரிய ஆறு மலைத்தொடரை அறுத்துக்கொண்டு மேற்கே செல்லும் பள்ளத்தாக்கு அது. ஆற்றுக்குத் தெற்கே ஒரிகன் மாநிலம். வடக்கே வாஷிங்டன் மாநிலம். தென்கரையில் கருங்கல் பாறைச் சுவர் நெடுகச் செங்குத்தாக நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து ஓடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்கின்றன. அவற்றுள் பெரியது மல்ட்நோமா அருவி. உயரம் 620 அடி; இரண்டு அடுக்காக விழுகிறது. கீழ் அடுக்குக்கு மேலே, 1914-இல் கட்டப்பட்ட பாலம் ஒன்று பாறைக்குப் பாறை தாவி நிற்கிறது. போர்ட்லாந்திலிருந்து சுமார் முப்பது மைல். அரை மணி நேரப் பயணம்.

ஓவியம் போன்ற அந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பாத மணமக்கள் அரியர். ஆனால் 1995 செப்டம்பர் 4 அன்று அங்கே நடந்ததைக் கேளுங்கள். மணக்கோலத்தில் ஒரு குழுவினர் பாலத்தின்மேல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருவி முகத்திலிருந்து சுமார் 400 டன் எடையுள்ள பாறை ஒன்று பெயர்ந்து மேல் குளத்தில் விழுந்தது. நீரும் சரளைக் கல்லும் மரமுயரத்துக்கு எழும்பிப் பாலத்தின்மீது கொட்டின. சுமார் இருபது பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. அருவி என்பது மலை தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும் இடம். நாம் போய் நிற்கும் நேரத்தில் அது தன் வேலையை நிறுத்தி வைப்பதில்லை.

அதே பள்ளத்தாக்கில் 2017 செப்டம்பரில் சிறுவன் ஒருவன் வீசிய பட்டாசினால் காட்டுத்தீ மூண்டு, நாற்பத்தெட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. மல்ட்நோமா அருவியின் அடியிலுள்ள பழைய கல்மாளிகையைத் தீயணைப்பாளர்கள் இரவெல்லாம் நீர் பாய்ச்சிக் காப்பாற்றினார்கள். மலைப்பாதைகள் பல நெடுநாள் மூடிக் கிடந்தன. தீ எரிந்த சரிவில் மரவேர்களின் பிடி தளர்ந்துவிடுமாதலால், பெருமழைக்குப் பின் மண்ணும் கல்லும் சரிவதுண்டு. எனவே எந்த அருவியைத் தேர்ந்தாலும், பாதை திறந்திருக்கிறதா என்று அந்த வாரமே கேட்டறிந்துகொள்வது நல்லது.

மல்ட்நோமாவுக்குக் கூட்டமும் மிகுதி. கோடையில் வண்டி நிறுத்துவதற்கு நேரம் குறித்த சீட்டுப் பெறும் முறையைக் கொண்டுவர வேண்டிய அளவுக்குக் கூட்டம். 'இருவர் மட்டுமாக' மணம் செய்ய விரும்புவோர் அங்கே போனால் முன்பின் அறியாத முந்நூறு பேர் சாட்சியாக நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் உறவினர்களே மேலல்லவா?

முழங்கால் வலியுள்ள தாயார் ஒருவர் உடன் வருகிறார் என்றால் நாம் பரிந்துரைப்பது ஹார்ஸ்டெயில் என்னும் அருவி. குதிரைவால் என்று பொருள். 176 அடி உயரம். பழைய நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே விழுகிறது. வண்டியை விட்டு இறங்கினால் எதிரே அருவி. நடக்க முடியுமானால் லட்டூரெல் அருவி அழகு மிகுந்தது. பாறையைத் தொடாமல் ஒரே வீழ்ச்சியாக நீர் விழ, பின்னே தூண்தூணாக நிற்கும் கருங்கல்லில் மஞ்சள் நிறப் பாசி படர்ந்திருக்கும். சிறிது தூரமே நடை என்றாலும் இறக்கம் ஏற்றம் உண்டு. ஈரத்தில் கால் வழுக்கும்.

அதற்குப் பக்கத்திலேயே பிரைடல் வெயில் என்றொரு சிற்றூர் உண்டு. 'மணப்பெண்ணின் முக்காடு' என்பது அதன் பொருள். அவ்வூரில் விழும் அருவிக்கும் அதே பெயர். 1887-இல் அங்கே தொடங்கிய அஞ்சலகம் மிகச் சிறியது. ஆயினும் 'மணப்பெண்ணின் முக்காடு' என்னும் முத்திரை விழ வேண்டும் என்பதற்காகவே மணமக்கள் தம் அழைப்பிதழ்களை அங்கே கொண்டுவந்து அஞ்சலில் சேர்க்கும் வழக்கம் வளர்ந்தது. அழைப்பிதழே இல்லாத திருமணம் என்று மகள் சொன்னாலும், தாயார் தம் பங்குத் தந்தைக்கும் நாலு உறவினருக்கும் அங்கிருந்து ஒரு மடல் போட்டுவிட்டு வரலாமே என்று நமக்குத் தோன்றியது. உலகெங்கும் பெண்கள் திருமணத்தைப் பற்றிக் கொள்ளும் ஆசையில் இத்தனை சிறிய ஆசைகளும் இருக்கின்றன.

அழகு போக, கவனிக்க வேண்டியவை வேறு உண்டு. தென்கரையின் பாறைச் சுவர் வடக்கு நோக்கியிருப்பதால் அருவியடியில் பெரும்பாலும் நிழல்தான். ஜூன் மாதத்திலும் குளிரும். பள்ளத்தாக்கில் வீசும் காற்று பெயர் பெற்றது. சாரல் எப்பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பட்டுப்புடவை ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடும். எல்லா அருவியும் ஆண்டு முழுதும் விழும் என்று எண்ணிவிடவும் கூடாது. கலிபோர்னியாவின் யோசமிட்டிப் பூங்காவில் 2,425 அடி உயரமுள்ள பேரருவி ஒன்று இருக்கிறது. பனி உருகும் வசந்த காலத்தில் இடியென முழங்கும் அது, கோடை முடிவில் பெரும்பாலும் வற்றிவிடும். ஆகஸ்டு மாதம் அங்கே நாள் குறித்தவர்கள் உலர்ந்த பாறையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே பூங்காவின் வெர்னல் அருவியின் உச்சியில் 2011 ஜூலையில் தடுப்புக் கம்பியைத் தாண்டி நீருக்கருகே சென்ற மூவரை வெள்ளம் அடித்துச் சென்றது. மூவரும் இளவயதினர், ஒரு கோயிலிலிருந்து குழுவாக வந்தவர்கள். அருவியின் உச்சியில் நிற்க வேண்டாம். அடிவாரத்திலும் தடுப்பைத் தாண்ட வேண்டாம். ஒளிப்படக்காரர் 'இன்னும் ஓரடி பின்னே' என்று சொன்னால் கேட்க வேண்டாம்.

அனுமதி பற்றியும் ஒரு சொல். அப்பள்ளத்தாக்கின் அருவிகளில் சில மாநிலப் பூங்காத்துறையின் பொறுப்பிலும், சில கூட்டரசின் வனத்துறைப் பொறுப்பிலும் இருக்கின்றன. எந்த அருவியோ அந்த அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். திருமண உரிமத்தில் இன்னொரு நுட்பம்: ஒரிகனில் வாங்கிய உரிமம் ஒரிகன் கரைக்கு மட்டுமே செல்லும். 'எதிர்க்கரை இன்னும் அழகாயிருக்கிறதே' என்று பாலத்தைக் கடந்து வாஷிங்டன் கரையில் நின்று மணம் செய்தால், அதற்கு அந்த உரிமம் உதவாது. விண்ணப்பித்த பின் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பின் அறுபது நாளுக்குள் மணம் நடந்துவிட வேண்டும்.

அந்த மாநிலச் சட்டத்துக்கு இவ்வளவு போதும். தாயாரின் முக்கியக் கேள்வி, இது செல்லுபடியாகும் திருமணமா என்பது. இங்கே சற்று நின்று பேசத்தான் வேண்டும்.

திருச்சபையின் பழைய நிலை நம்மில் பலர் எண்ணுவதுபோல் இருக்கவில்லை. பல நூற்றாண்டுகளாக ஆணும் பெண்ணும் மனமொத்துத் தனிமையில் வாக்குக் கொடுத்துக்கொண்டாலும் அது மெய்விவாகமாகவே கருதப்பட்டது. விலக்கப்பட்ட செயல்தான், ஆனால் செல்லுபடியானது. இதனால் விளைந்த தீமை பெரிது. ஒருவன் ஒருத்தியைத் தனிமையில் மணந்து, பிறகு அவளைக் கைவிட்டு, ஊரறிய மற்றொருத்தியை மணப்பான். முதற்பெண்ணிடம் சாட்சி இல்லை. இதைத் தடுக்கவே திரிதெந்து பொதுச்சங்கம் 1563 நவம்பர் 11 அன்று, பங்குக் குருவும் சாட்சிகளும் இன்றிச் செய்யும் மணம் செல்லாது என்று தீர்ப்பிட்டது. அத்தீர்ப்பு எல்லா நாட்டிலும் அறிவிக்கப்படாமையால் குழப்பம் நீடித்தது. 1908-ஆம் ஆண்டுப் பாஸ்குத் திருநாள் முதல் அது ஏறத்தாழ உலகெங்குமே சட்டமாயிற்று. ஆகவே குருவையும் இரு சாட்சிகளையும் திருச்சபை கேட்பது பகட்டுக்காக அன்று. கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீரிலிருந்து எழுந்த சட்டம் அது.

1983-இல் வெளியான இன்றைய திருச்சபைச் சட்டமும் அதையே கூறுகிறது. ஆயரோ பங்குக் குருவோ அவர்களால் அதிகாரம் பெற்ற குருவோ தியாக்கோனோ முன்னிற்க வேண்டும். இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். மற்றச் சபைக் கிறிஸ்தவரை மணக்கும் கத்தோலிக்கருக்கும் இதுவே முறை. அதற்கு உரிய அனுமதியும் பெற வேண்டும். கனத்த காரணம் இருந்தால் ஆயர் இம்முறையிலிருந்தே விலக்களிக்கலாம். ஆனால் விலக்குப் பெறாமல், அருவியின் முன் இருவரும் தாமாகவே வாக்குக் கொடுத்துக்கொண்டால், நாட்டுச் சட்டம் ஏற்றாலும் திருச்சபை அதை மெய்விவாகமாக ஏற்பதில்லை. தாயே, இதை மட்டும் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திட்டிச் சொல்ல வேண்டாம், சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் குருவையே அருவிக்கு அழைத்துக்கொள்ளலாமா? இடத்தைப் பற்றிச் சட்டம் கூறுவது இது: கத்தோலிக்கருக்கிடையிலும், கத்தோலிக்கர் ஒருவருக்கும் திருமுழுக்குப் பெற்ற பிற சபையாருக்கும் இடையிலும் மணம் பங்குக் கோயிலில் நடைபெற வேண்டும். ஆயரோ பங்குக் குருவோ அனுமதித்தால் வேறு கோயிலிலோ சிற்றாலயத்திலோ நடக்கலாம். 'தகுந்த வேறோர் இடத்தில்' நடத்த ஆயர் அனுமதியளிக்கலாம். கதவு அடைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் திறவுகோல் ஆயரிடம் இருக்கிறது. அமெரிக்காவில் பால்டிமோர் உயர்மறைமாவட்டம் 2018-இல் கோயிலுக்கு வெளியே தகுந்த இடத்தில் மணம் நடத்தச் சில நிபந்தனைகளோடு வழி செய்தது. பல ஆயர்கள் இசைவதில்லை. போர்ட்லாந்தில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும், கேட்பதில் குற்றமில்லை.

நமக்கு மட்டும் ஒரு சிறிய தயக்கம் உண்டு. மெய்விவாகத்தில் மணமக்களே ஒருவருக்கொருவர் அருட்சாதனத்தை வழங்குகிறார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் சம்மதச் சொற்களே அதன் உயிர். இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று மகள் சொல்வதைத் தாயார் கேட்க வேண்டாமா? 620 அடியிலிருந்து விழும் நீரின் முன் நின்று சொன்னால் எதிரே நிற்கும் மாப்பிள்ளைக்கே காதில் விழுமோ விழாதோ! சாட்சி என்பவர் கண்டதற்கு மட்டுமல்ல, கேட்டதற்கும் சாட்சி அல்லவா?

மேற்கண்டவற்றையெல்லாம் சுருக்கி எழுதி, கடைசியில் ஒன்று கேட்டிருந்தோம்: "உம் மகள் எதிலிருந்து ஓடுகிறாள் என்று கேட்டீரா?"

பதில் பத்து நாளில் வந்தது. அந்த மடலை இங்கே முழுமையாக எடுத்தெழுத நமக்கு மனம் வரவில்லை. சுருக்கம் இது. அப்பெண்ணின் தந்தை தம் தங்கையின் திருமணத்துக்குக் கடன் வாங்கினார். எண்ணூறு பேருக்கு விருந்து, வாத்தியம், வரதட்சணை என்று ஊர் மெச்ச நடந்த திருமணம். அக்கடனைப் பதினோரு ஆண்டு கட்டினார். வட்டிக்காரர் மாதந்தோறும் வந்து வாயிற்படியில் அமர்வார். அப்பா வீட்டில் இல்லை என்று சொல்ல அனுப்பப்படுகிறவள் இந்தப் பெண்தான். கடைசித் தவணை கட்டிய ஆண்டிலேயே தந்தை இறந்தார். "அந்த எண்ணூறு பேரில் எத்தனை பேர் அப்பாவின் அடக்கத்துக்கு வந்தார்கள், அம்மா?" என்று மகள் கேட்டாளாம். தாயாரிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

நமது பங்குகளில் திருமணம் என்றால் மண்டபம் எது, பந்தியில் எத்தனை இலை என்பதே முதற்பேச்சாகிவிட்டது. குருவும் இரு சாட்சிகளும் போதும் என்று திருச்சபை கேட்டது. எண்ணூறு பேரை நாமே சேர்த்துக்கொண்டோம். பிறகு அந்த எண்ணூறு பேரைக் கண்டு பயந்து ஒரு பெண் அருவியைத் தேடி ஓடினால், குற்றம் அருவியின்மீது சாராது. மகளுக்கு எழுதும்போது தாயார் இதைச் சொல்லலாம் என்றோம்: அவள் வேண்டுகிற எளிமை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. கிழமை நாளில், சிற்றாலயத்தில், குருவும் மணமக்களும் இரு சாட்சிகளும் தாயாரும் ஆக ஆறே பேரோடு மெய்விவாகம் நடத்தலாம். போர்ட்லாந்து நகருக்குள்ளேயே மரியன்னையின் ஊழியர் சபைத் துறவியர் 1924-இல் நிறுவிய வியாகுல மாதா திருத்தலம் இருக்கிறது. செங்குத்தான பாறையின் அடியில் குடைந்த கெபி; சுற்றிலும் வானுயர்ந்த மரங்கள்; அருகே சிற்றாலயம். பாறையும் மரமும் வேண்டுமென்றால் அங்கேயே இருக்கின்றன. காலையில் மணம் முடித்து, பிற்பகலில் அருவிக்குப் போய் ஆசை தீரப் படம் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு செபமாலை சொல்லட்டும், கட்டுச்சோறு உண்ணட்டும். திருமண வாக்கை மட்டும் அங்கே மற்றொரு மதச் சடங்காகத் திரும்பச் சொல்ல வேண்டாம். சட்டம் அதை விலக்குகிறது. அந்நாட்டில் குருவே அரசாங்க உரிமத்திலும் ஒப்பமிடுவாராதலால் தனியே பதிவுக்கு ஓட வேண்டியதுமில்லை.

'ஊரறிய' என்ற கவலைக்கும் மருந்துண்டு. மகளுக்குப் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்று வேண்டியிருக்கும். அதைத் தர வேண்டியது தாயாரின் சொந்தப் பங்கே. பங்குக் குரு விரும்பினால் அங்கே ஓலையும் வாசிக்கலாம். மணம் முடிந்ததும், அது நடந்த கோயிலிலிருந்து திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அவளைக் கையில் ஏந்தி வந்து பெயர் பதிந்த அந்தப் பழைய ஏட்டில், அவள் பெயருக்கெதிரே மணமகன் பெயரும் நாளும் இடமும் எழுதப்படும். கனத்த காரணத்துக்காக ஆயர் அனுமதிக்கும் இரகசிய மணம் ஒன்றைத் தவிர, ஊரேட்டில் ஏறாமல் ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் மெய்விவாகம் நடப்பதில்லை.

மகள் உடனே இசையவில்லை. மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு அந்த இளைஞரே தாயாரிடம் தொலைபேசியில் பேசி, "என் தாயும் கோயில் வேண்டும் என்றுதான் விரும்பினார், சொல்லத் தயங்கினார்" என்றாராம். சம்பந்திகள் இருவரும் ஒரு மொழியும் பொதுவாக அறியாமலே ஒரே கட்சியாகிவிட்டார்கள்! இப்போது நாள் குறித்தாகிவிட்டது. காலையில் சிற்றாலயம், பிற்பகலில் குதிரைவால் அருவி. முழங்காலை முன்னிட்டு அந்த அருவியைத் தேர்ந்தவள் மகள்தானாம்.

நேற்று வந்த மடலில் தாயார் இன்னொன்று கேட்டிருக்கிறார். தம் கணவர் கட்டிய தாலி, அவர் இறந்த பின் பெட்டியில் இருக்கிறது. மகள் அதைத்தான் வேண்டும் என்கிறாள். விதவையின் தாலியை மகளுக்குக் கட்டலாமா, ஆகாதென்று உறவினர் சொல்கிறார்களே, தட்டானிடம் கொடுத்து உருக்கி வேறாகச் செய்துகொள்ளவா என்று கேட்கிறார். திருச்சபைச் சட்டத்தில் அதற்குத் தடை ஏதுமில்லை என்றும், உருக்க வேண்டாம், இருக்கிறபடியே கொண்டுபோய்க் குருவிடம் மந்திரித்துக் கட்டச் சொல்லலாம் என்றும் எழுதியிருக்கிறோம். கூடவே ஒரு கெட்டியான மழைச்சட்டையும், வழுக்காத அடியுள்ள காலணியும் வாங்கிக்கொள்ளும்படி எழுதினோம்.